பொதுப்பாதை அல்ல

ஆகஸ்ட் 4

மேற்கிலிருந்து வரும் தண்டவாளம் இன்று நெடுங்கரைப்பட்டி எல்லையைத் தொட்டது. கிழக்கிலிருந்து வருவது இன்னும் ஒரு நிலையம் தள்ளி நிற்கிறது. நடுவில் வெறும் மண்கரை. இரண்டும் சேர்ந்து ஜல்லி கொட்டி முடித்தால், செப்டம்பர் கடைசியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார். அதுவரை நான் இங்கேதான்.

இந்த லைனை முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. துணைத் தலைமைப் பொறியாளர், கட்டுமானம். பதவியின் பெயர் நீளம், ஓய்வு விடுதியில் என் அறை சின்னது. காலையில் நான் வெளியே வந்ததும் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நான் ஜீப்பில் ஏறியதும் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். மரியாதையாம்.

மதியச் சாப்பாடு மட்டும் உதவிப் பொறியாளர் ரகுபதியோடு. அவர் வீட்டு வத்தக்குழம்பும் என் முட்டைப் பொரியலும் மேசையில் இடம் மாறும். ஒரு நாளில் நான் வேலை தவிர வேறு ஏதாவது பேசுவது அந்த அரை மணி நேரம்தான். இன்று ஒப்பந்தக்காரரின் மேலாளர் சௌந்தரபாண்டியனும் வந்து உட்கார்ந்தார்.

"மேடத்துக்கு மதுரையில எந்த ஏரியா?"

"டவுன்தான்."

"டவுன்ல எங்க? நம்ம மச்சான் வீடு அங்கதான் இருக்கு."

"ஸ்டேஷன் பக்கம்."

"ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?"

"ரயில் வர்ற பக்கம்."

ரகுபதி சிரித்தார். சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. அடுத்து அப்பா அம்மா என்ன வேலை என்று கேட்பார். அதற்கும் பதில் இருக்கிறது. அம்மா மாநகராட்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரிவு என்றால், சுகாதாரம். அதில் பொய் இல்லை.

ஆகஸ்ட் 6

அம்மா போன் செய்தாள். கொஞ்ச நாள் வந்து என்னோடு இருக்கிறேன் என்றாள். "இங்க ஒரே தூசிம்மா, இருமல் வந்துரும்" என்றேன். "நான் பாக்காத தூசியா" என்றாள்.

இன்னொரு முறை பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

நெடுங்கரைப்பட்டியில் கரை ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. மாலையில் அதன் சரிவில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் தூக்குவாளி, தோளில் பை. ஒருத்தி சறுக்கி விழுந்து, கீழிருந்து மறுபடி ஏறினாள். நான் ஜீப்பை நிறுத்தியதும் ஒரு பெண் மட்டும் இறங்கி வந்தாள். ஐம்பது வயதை நெருங்கியவள்.

"பெரிய எஞ்சினியரு நீங்கதானா?"

"ஆமா."

"ஆம்பள வருவாருன்னு பாத்தோம். சரி. எங்களுக்கு வழி எங்க வச்சிருக்கீக?"

பெயர் அன்னக்கொடி. காலனியின் வார்டு உறுப்பினர். கரைக்குத் தெற்கே அவர்கள் காலனி. வடக்கே பேருந்துச் சாலை, பள்ளிக்கூடம், அவர்களுடைய சுடுகாடு. நடுவில் போன மண்பாதையின் மேல் நாங்கள் கரை போட்டுவிட்டோம். இன்றைக்கு ஏறி இறங்குகிறார்கள். ரயில் ஓட ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் வேலி வரும். தாண்டினால் குற்றம்.

கூட வந்திருந்த ரகுபதி சொன்னார்: "ஊர்ச் சாலையில சுரங்கப்பாதை இருக்கும்மா. சுத்தி வந்தா பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்."

"சார், நீங்க மேப்புல சுத்துறீக. நாங்க ஊருத் தெருவுல சுத்தணும்."

"தெருவுல போனா என்ன?"

அன்னக்கொடி அவரிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் கரையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மழைத்தண்ணீருக்கு ஒரு சிறு குழாய் மட்டும் காட்டியிருக்கிறது; அதையும் இன்னும் பதிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் எடுத்த அளவைக் குறிப்பில் ஒரே வரி: "நடைபாதை. பொதுப்பாதை அல்ல." பொதுப்பாதை இல்லையென்றால் நாங்கள் வழி விட வேண்டியதில்லை. விதி அப்படி.

கொஞ்சம் தள்ளி ஒரு நூற்பாலைக்குப் போகும் வழி. அது பொதுப்பாதை என்று எழுதியிருக்கிறது. லாரிகள் போக ஒன்று, வர ஒன்று என்று கரைக்கு அடியில் இரட்டை வழி. அதற்கான கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, காயவைத்து, கிடங்கில் அடுக்கியிருக்கிறோம். அந்த வழியின் முனையில் கேட் இருக்கிறது. பூட்டு இருக்கிறது. காவலாளி யார் நீ என்று கேட்கிறார். அது பொது.

ஆகஸ்ட் 13

ஊருக்குள் போய் விசாரித்தேன். ஊராட்சியின் முன்னாள் தலைவர் டீக்கடையில் இருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"சர்வே எடுக்க வந்தாக. இது பொதுப் பாதையான்னு கேட்டாக. இல்லன்னோம்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பொதுன்னா எல்லாரும் போறதுங்கம்மா. அதுல அவுக மட்டும்தான போறாக."

"அவங்க எவ்வளவு பேர் இருப்பாங்க?"

"நம்மள விடக் கூடத்தான்."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. வஞ்சம் வைத்தும் பேசவில்லை. கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வஞ்சம் என்றால் புகார் எழுதலாம். இதற்கு என்ன எழுதுவது?

எனக்கு டீ கண்ணாடிக் கிளாசில் வந்தது. கடையின் ஓரத்தில் நின்ற இரண்டு பேர் கையில் காகிதக் கப். முழுவதும் குடித்தேன். கிளாசைக் கழுவ எடுத்துப் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 14

காலனிக்குப் போனேன். ரகுபதியும் வந்தார். அன்னக்கொடி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஊர்க்காரர்கள் சொன்ன பதிலைச் சொன்னேன். அவள் ஊரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எங்ககிட்டயும் கேட்டாகளே."

"என்னன்னு?"

"அதே கேள்விதான். 'இது பொதுப் பாதையா'ன்னாக. நான்தான் முன்னாடி வந்து நின்னு சொன்னேன். இல்லைங்க சார், இது எங்க பாதைன்னு. எங்க சனமெல்லாம் பின்னாடி நின்னு ஆமா ஆமான்னுச்சு."

"ஏன்?"

"ஏன்னா? முன்னாடி ஊருத் தெரு வழியாத்தான் பொணம் போகணும். விட மாட்டாக. எங்க அப்பன தூக்கிக்கிட்டு தெரு மொனையில வெயில்ல நின்னோம். போலீசு வந்து, தாசில்தாரு வந்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி, அப்புறந்தான் ஓடை ஓரத்துல இந்தப் பாதைய விட்டாக. அதப் பொதுன்னு சொன்னா நாளைக்கு ஊர்க்காரக வந்து மாடு கட்டுவாக, வைக்கப்படப்புப் போடுவாக, பொதுதானன்னு கேப்பாக. அதான் எங்களதுன்னு அடிச்சுச் சொன்னோம்."

ஊர் ஒரு காரணத்துக்காக இல்லை என்றது. காலனி அதற்கு நேர் எதிரான காரணத்துக்காக இல்லை என்றது. அளவை எடுத்தவருக்கு இரண்டும் ஒன்று. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது என்று சந்தோஷமாக எழுதிவிட்டுப் போயிருப்பார்.

"தப்பாச் சொல்லிட்டமோ?" என்று கேட்டாள்.

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று வாய்வரை வந்தது. ரகுபதி பக்கத்தில் இருந்தார். "பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

தலைமை அதிகாரியோடு போனில் பேசினேன். பதினைந்து பாலங்களைப் பற்றிப் பேசிய பிறகு கடைசியில் இதைச் சொன்னேன்.

"ரெண்டு தரப்பும் பொது இல்லேன்னு சொல்லிருக்காங்க. நாம என்ன பண்ண முடியும்? இப்ப படத்தை அனுப்பினா ஒப்புதலுக்கே ஆறு மாசம். லைன் திறந்தப்புறம் ஒரு புரபோசல் போடுங்க."

திறந்த பிறகு கரையை வெட்ட வேண்டுமென்றால் ரயிலை நிறுத்த வேண்டும். அந்தக் காலனிக்காக யாரும் ரயிலை நிறுத்தப் போவதில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொன்னேன்.

"அமுதவல்லி, உங்களுக்கு ஏன் இதுல ஒரு இது இருக்குன்னு எனக்குப் புரியுது. ஆனா இந்தப் பதவியில உணர்ச்சிவசப்படக் கூடாது."

அவருக்குப் புரிகிறதாம். என் பணிப்பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. எதில் எது இருக்கிறது சார் என்று கேட்டிருக்க வேண்டும். சரி சார் என்றேன்.

ஆகஸ்ட் 19

மழை. வேலை இல்லை. துணிகளை இஸ்திரி போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு தலையணை உறைக்கும் போட்டேன்.

ஆகஸ்ட் 22

மழைத்தண்ணீருக்கான அந்தக் குழாய் இன்று வந்து இறங்கியது. சௌந்தரபாண்டியன் அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆட்கள் சுற்றி இருந்தார்கள்.

"மேடம் ஏதோ வழி பத்தி ரோசிக்கிறதாக் கேள்விப்பட்டேன். இது ஒண்ணு போதும் மேடம். மழைக்குத் தண்ணி போகும், வெயிலுக்கு ஆளு போகும். கொஞ்சம் குனிஞ்சு போனாச் சரி. பழக்கம்தான?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"பாடை எப்படிப் போகும்?" என்றேன்.

"கயிறு கட்டி இழுத்தா வந்துரும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். குழாயை இன்று பதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழக்கம்தான என்று அவர் சொன்னபோது யாரைப் பார்த்துச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குழாயைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இந்த வழியை ரகுபதி போட்டுக் கொடுத்தால் நல்ல மனசு என்பார்கள். சௌந்தரபாண்டியன் போட்டால் பெருந்தன்மை என்பார்கள். நான் போட்டால்

அதை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 25

ஆட்கள் போக வழி வைக்க எனக்கு அதிகாரமில்லை. தண்ணீர் போக எவ்வளவு பெரிய வழி வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை. இந்த மாதிரிச் சின்ன வேலைகளுக்கு என் கையெழுத்தே போதும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தெற்குப் பக்கத்து மானாவாரி நிலம் முழுவதன் தண்ணீரும் இந்த ஓடைக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். வராது. பாதிக்கு மேல் கண்மாய்க்குப் போகிறது. கணக்கில் பொய் இருக்கிறது என்று தெரிந்தே போட்டேன். குழாய் போதாது, பெட்டி வேண்டும் என்று விடை வந்தது. நூற்பாலைக்கு வைத்திருந்த இரட்டை வழியை ஒற்றையாக்கி, மீதிப் பெட்டிகளை நெடுங்கரைப்பட்டிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். லாரிகள் ஒன்று போன பிறகு ஒன்று வரட்டும்.

மழைத்தண்ணீர் பொதுவா என்று யாரும் கேட்பதில்லை.

ரகுபதி காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மில்லுக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க மேடம்."

"இருக்க வேண்டாம்."

"உங்களுக்கு எதுக்கு மேடம் இது?"

"தண்ணி போக வேண்டாமா ரகுபதி?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி காகிதத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 31

கரையை வெட்டித் திறந்தோம். உருட்டி இறுக்கிய மண், இயந்திரத்துக்கே லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் கிரேன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கியது. கரை உயரமான இடம் என்பதால் பெட்டியின் தளம் தரைமட்டத்திலேயே உட்கார்ந்தது. இறங்கி ஏற வேண்டாம். மழையில் குளமாகாது. ஒரு டிராக்டர் நிமிர்ந்து போகலாம். வேலை சுத்தமாக வந்தது. இந்த லைனில் இதைவிடப் பெரிய பாலங்களைக் கட்டியிருக்கிறேன். எதன் பக்கத்திலும் இப்படி நின்றதில்லை.

காலனி ஆட்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அன்னக்கொடி மட்டும் கிட்டே வந்தாள்.

"தண்ணிக்காம்ல?"

"ஆமா."

"இம்புட்டு ஒசரத்துக்கா வரும்?"

"வந்தாலும் வரும்."

"வரட்டும், வரட்டும்" என்று சிரித்தாள்.

செப்டம்பர் 5

இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் நெடுங்கரைப்பட்டியில், பெட்டிக்குச் சற்று மேற்கே சேர்ந்தன. இனிப்புக் கொடுத்தார்கள்.

ரகுபதிக்கு வயிறு சரியில்லையாம். மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6

இன்றும் வயிறு சரியில்லையாம்.

செப்டம்பர் 9

நூற்பாலையில் இருந்து மேலே புகார் போயிருக்கிறது. அது எதிர்பார்த்ததுதான்.

கிடங்குக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் சௌந்தரபாண்டியன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அப்பவே நெனச்சேன்யா. எந்த ஏரியான்னு கேட்டா மழுப்பும்போதே தெரிஞ்சுபோச்சு. அவுக ஆளுகளுக்குத்தான செய்வாக?"

நூற்பாலைக்கு இரட்டை வழி போட்டவர் யாருடைய ஆள் என்று இந்த மாவட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஊர்ச் சாலைக்குச் சுரங்கப்பாதை போட்டது யாருக்காக என்று கேட்டதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தைக் காப்பாற்ற லைனையே வளைத்திருக்கிறார்கள். வளைவில் வண்டி என்றென்றைக்கும் மெதுவாகப் போகும். அதற்குப் பெயர் நடைமுறை. அவர்கள் செய்வது நிர்வாகம். நான் செய்தால் என் ஆளுக்குச் செய்வது. நான் இத்தனை வருடம் வேலை பார்த்தது, என் வேலையைப் பார்த்து நான் யார் என்று சொல்லட்டும் என்பதற்காக. சொல்லிவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். குரல் மாறவேயில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். அந்தப் பெட்டி தண்ணிக்குத்தான?"

"ஏன்?"

"தண்ணி போறதுன்னா குப்பை கூளம் அடைக்காம ரெண்டு வாயிலயும் கம்பி அடிக்கணும்ல? ஆணையர் பாத்தா கேப்பாரு. சொன்னீங்கன்னா நாளைக்கே அடிச்சுருவோம்."

ஆளை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். நான் எழுதிய பொய்யாலேயே கதவு செய்துவிட்டார். வேண்டாம் என்றேன். நான் இருக்கும்வரை அடிக்க மாட்டார். நான் எவ்வளவு நாள் இருப்பேன் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 13

அம்மாவைக் கிளம்பி வா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வந்துவிட்டாள்.

விடுதி வராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் கேட்டார்: "அம்மா மாநகராட்சியில என்ன வேலையில இருந்தீங்க?"

"தெருக் கூட்டுனேன்."

உரிக்கும் சத்தம் நிற்கவில்லை. சமையல்காரர் உள்ளே போனார். பிறகு பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்தது. நான் அறைக்குள் இருந்தேன். பேனா கையில் இருந்தது. எதுவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

"ஏன்டி உள்ளயே கெடக்க?" என்றாள்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். கடலை கொடுத்தாள்.

செப்டம்பர் 17

மாற்றல். நிர்வாகக் காரணம். வடக்கே ஓர் அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் வேலை. ஆணையர் வருவதற்கு முந்தைய நாள் நான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கூடவே இன்னொரு காகிதம்: தண்ணீர்க் கணக்கு எந்த அடிப்படையில் கூட்டப்பட்டது, விளக்கம் தரவும்.

தலைமை அதிகாரி போனில் சொன்னார்: "ஓடை பெருசு, வெள்ளம் வர வாய்ப்பு உண்டுன்னு ரெண்டு வரி எழுதிடுங்க. நான் முடிச்சு வச்சுடறேன். உங்க மேல எதுவும் வராது."

நல்லது செய்கிறார். நிஜமாகவே செய்கிறார். அந்த இரண்டு வரியை எழுதினால் எனக்கு ஒன்றும் வராது. பெட்டி என்றென்றைக்கும் தண்ணீருக்கு என்று ஆகும். அடுத்து வருபவர் முதல் வாரத்தில் கம்பிக்குக் கையெழுத்துப் போடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. விதி அப்படி.

செப்டம்பர் 19

விளக்கம் அனுப்பிவிட்டேன். கலெக்டருக்கும், பாதுகாப்பு ஆணையருக்கும், நெடுங்கரைப்பட்டி ஊராட்சிக்கும் நகல்.

"மேற்படி பெட்டி தண்ணீருக்காக அமைக்கப்பட்டதல்ல. தெற்கேயுள்ள மக்கள் சாலைக்கும் பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் செல்ல அமைக்கப்பட்டது. தண்ணீரின் அளவை நான் அறிந்தே கூட்டிக் காட்டினேன். இப்பாதை பொதுப்பாதை அல்ல என்ற பழைய குறிப்பு, கேள்வி தவறாகக் கேட்கப்பட்டதால் வந்தது. அங்கு தினமும் மக்கள் நடப்பதை நேரில் பார்த்துச் சான்றளிக்கிறேன்."

இனி கம்பி அடிக்க வேண்டுமென்றால், பாதை என்று தெரிந்தே அடைக்கிறோம் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போடும் ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை. எழுதாமல் செய்யத்தான் இவர்களுக்குத் தெரியும்.

எனக்கு என்ன வரும் என்றும் தெரியும். பதவி உயர்வு போகும். விசாரணை வரும். பொய்க் கணக்கு போட்டவள் என்று பெயர் இருக்கும். அது உண்மையும்கூட.

தட்டச்சு செய்து கொண்டுவந்தது ரகுபதிதான். "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல மேடம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 26

பொறுப்பை ஒப்படைத்தேன். மாலை போட்டார்கள். சௌந்தரபாண்டியன் போட்ட மாலைதான் பெரியது.

அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டேன். நீயும் வா என்றாள். ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 27

வேலை எதுவும் இல்லை. காலையில் நகரப் பேருந்தில் ஏறி நெடுங்கரைப்பட்டிச் சாலையில் இறங்கினேன். இத்தனை நாள் ஜீப்பில் வந்த இடம். சேலை கட்டியிருந்தேன், தலைக்கவசம் இல்லை, கூட ஆள் இல்லை. டீக்கடையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பெட்டியின் இரண்டு வாயும் திறந்தே இருந்தன. தளத்தில் ஆட்டுப்புழுக்கை, சைக்கிள் தடம். சுவரில் யாரோ கரிக்கட்டையால் ஒரு பெண் பெயரை எழுதி, இன்னொருவர் அழித்திருந்தார். உள்ளே போய் நடுவில் நின்றேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிர்ச்சி.

வண்டி வரும் நேரம் எனக்குத் தெரியும். அந்த அட்டவணையையே நான்தான் போட்டேன். வண்டியில் ஆணையரோடு தலைமை அதிகாரி, என் இடத்துக்கு வந்தவர், ரகுபதி எல்லோரும் இருப்பார்கள். பாலங்களைப் பற்றி ஆணையர் கேட்பார். என் இடத்துக்கு வந்தவர் ரகுபதியைப் பார்ப்பார்.

வடக்கு வாயிலில் பேச்சுச் சத்தம். பேருந்தில் இருந்து இறங்கிய பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை வைத்திருந்தவள் மற்றவளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெறையா நிறுத்துக் குடுத்தான்னா ஏன்டி புளி இம்புட்டு ஈரமா இருக்கு? தண்ணியத் தெளிச்சிருக்கான், கூறு கெட்டவளே."

"நீ வாங்கும்போது மோந்து பாத்திருக்கணும்."

"ஒன்னையத்தான பாக்கச் சொன்னேன்."

அப்போது மேலே வண்டி வந்தது. முதலில் தளம் லேசாக அதிர்ந்தது. பிறகு சுவர். பிறகு சத்தம் எல்லாவற்றையும் மூடியது. கூரையில் இருந்து மெல்லிய தூசி இறங்கி என் தோளில் விழுந்தது. என் கை தானாகவே சுவரைத் தொட்டுப் பார்த்தது. விரிசல் இல்லை. அதிர்வு இருக்க வேண்டிய அளவுதான். நல்ல வேகம் எடுத்திருந்தார்கள்.

அந்தப் பெண்கள் நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சத்தத்துக்கு ஈடாகக் குரலை உயர்த்திப் புளிச் சண்டையைத் தொடர்ந்தபடி, மூட்டை கூரையில் இடிக்காமல், நேராக நடந்து என்னிடம் வந்தார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரியாது. வண்டி போய்விட்டது. சத்தம் அடங்குவதற்குள் மூட்டைக்காரி சொன்னாள்:

"ஓரமா நில்லுத்தா. வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற."

ஓரமாக நின்றேன்.